வெயிலுக்கும் ஒரு கூண்டு வேண்டும்

சென்னைத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்தி வந்தால், ராயபுரம் முதல் எண்ணூர் வரை அதற்கு விளக்கம் கேட்பவர் எவரும் இலர். ஒன்றாம் எண் என்றால் எங்கோ நடுக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கிறது. நமக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. இரண்டு என்றால் தொலைவில் புயலே உருவாகிவிட்டது. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பதற்கு அடையாளம். ஐந்து, ஆறு, ஏழு அபாயம். எட்டு, ஒன்பது, பத்து பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை நிலையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். காசிமேட்டில் வலை பின்னும் தாத்தாக்கள் இதனைப் பள்ளிக்கூடம் போகாமலே கற்றவர்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும். இவற்றைக் கண்டே படகை எங்கே இழுத்துக் கட்டுவது என்று முடிவு செய்வார்கள்.

இந்த ஏற்பாடு கப்பல்களுக்காகப் பிறந்தது. 1872-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் சென்னையைத் தாக்கிய புயலில், திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் பல கரையில் மோதி அழிந்தன. அந்நாளில் செயற்கைத் துறைமுகம் கட்டப்படவில்லை. மே மாதம் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். புயல் என்றாலே கார்த்திகையும் மார்கழியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கோடையிலும் வங்கக் கடல் சும்மா இருப்பதில்லை. ஒன்றரை நூற்றாண்டாகப் புயலோடு பழகிய நம் பகுதி எண்களைக் கொண்டு அதற்குப் பெயர் வைத்து, அஞ்சி, ஆயத்தம் செய்யக் கற்றுக்கொண்டது. வெயிலுக்கு அப்படி ஒன்றும் செய்யவில்லை. எங்கள் கட்டுரையின் குறை இதுதான்.

வெயிலுக்கு நம்மிடம் இருப்பது ஒரு நாட்காட்டி. மே 4-ஆம் நாள் வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்குகிறது, 28-ஆம் நாள் வாக்கில் முடிகிறது என்று நாள்காட்டியைக் கிழிக்கும்போது படிக்கிறோம். கத்தரி வெயில் என்று பாட்டிமார்கள் சொல்வதும் இதனையே. இது சூரியன் பரணி, கார்த்திகை, ரோகிணி நட்சத்திரங்களின் வழியே செல்லும் காலத்தைக் கொண்டு பஞ்சாங்கம் குறிப்பது. வானிலை அறிஞர்கள் இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்வதில்லை. வெயில் 28-ஆம் தேதியோடு விடைபெற்றுச் செல்லாது என்பதை ஜூன் மாதத்தில் பேருந்துக்காக நின்றவர் எவரும் அறிவர்.

இந்திய வானிலை ஆய்வுத்துறை ஆண்டுதோறும் ஏப்ரல் பிறக்கும் தறுவாயில், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான வெப்பப் பருவத்துக்கு ஒரு கணிப்பை வெளியிடுகிறது. 'இயல்பைவிட அதிகமாக இருக்கக்கூடும்' என்ற சொற்களைச் செய்தித்தாளில் காண்கிறோம். இதில் 'இயல்பு' என்பது என்ன? முப்பது ஆண்டுகளின் சராசரி. இப்போது 1991 முதல் 2020 வரையிலான ஆண்டுகளைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. அந்த முப்பது ஆண்டுகளே முந்தைய ஆண்டுகளைவிடச் சூடானவை. ஆகவே இன்று 'இயல்பு' என்று படித்து நாம் நிம்மதி அடையும் வெயில், நம் பாட்டிமார்களின் இளமையில் அதிகம் என்று எழுதப்பட்டிருக்கக் கூடியது.

அடுத்து, 'வெப்ப அலை' என்னும் சொல். சமவெளியில் வெப்பம் 40 பாகையைத் தொட வேண்டும். கடலோரத்தில் 37 பாகையைத் தொட வேண்டும். அதோடு இயல்பைவிட 4.5 பாகையாவது கூடியிருக்க வேண்டும். அப்போதுதான் அது வெப்ப அலை. சென்னையில் மே மாதத்தின் இயல்பான உச்ச வெப்பமே 37, 38 பாகை அளவில் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 42 பாகை ஏறினாலன்றி இங்கே வெப்ப அலை என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். 38 பாகை வெயிலும், கடலிலிருந்து வரும் ஈரமும் சேர்ந்து, வியர்வை உலராமல் உடம்போடு சட்டை ஒட்டிக்கொள்ளும் நாளுக்கு வானிலை அறிக்கையில் ஒரு வாசகம் உண்டு: 'அசௌகரியம் ஏற்படலாம்'. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். உலராவிட்டால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். மயக்கம் வரும், உயிருக்கும் ஆபத்து வரும். இதனை அசௌகரியம் என்பது, பல் பிடுங்குவதைக் கூச்சம் என்று சொல்வது போல இருக்கிறது!

அறிக்கை எழுதுகிறவர்களை நாங்கள் குறை கூறவில்லை. அவர்கள் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் நிழலில், காற்றோட்டமான வெண்ணிறப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானியைப் பார்த்து எழுதுகிறார்கள். உலகெங்கும் விதி அதுவே. ஆனால் எங்கள் வீடுகள் அந்தப் பெட்டி போன்றவை அல்லவே! தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எர்ணாவூரிலும் எங்களில் பலர் ஷீட் போட்ட வீடுகளில் வாழ்கிறோம். பகலெல்லாம் சூடு குடித்த ஷீட் இரவில் அதை வீட்டுக்குள் விடுகிறது. சாலையிலோ துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. என்ஜினை அணைக்காமல் நிற்கிறார்கள். மணலிப் பக்கம் ஆலைகள், எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையம். மரமும் குறைவு. 2016 டிசம்பர் 12-இல் கரையைக் கடந்த வர்தா புயல் சென்னை முழுவதும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. நட்ட கன்றுகள் இன்னும் நிழல் தரும் அளவுக்கு எல்லாத் தெருவிலும் வளர்ந்துவிடவில்லை.

எங்களைக் காப்பாற்றுவது கடற்காற்றுதான். நிலம் கடலைவிட விரைவில் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று வருகிறது. இதைப் புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் வினாவாகப் படித்தபோது இனிமையாக இல்லை. சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் கரும்பலகையின் ஓரத்தில் கடற்காற்று வந்த நேரத்தை எழுதி வைக்கத் தொடங்கிய பிறகு இனித்தது. சன்னல் திரை எந்தப் பக்கம் உப்புகிறது என்பதே எங்கள் கருவி. சில நாள்களில் நண்பகலுக்கு முன்பே வந்துவிடும். சில நாள்களில் கடைசி மணி அடித்தும் வராது. மேற்கிலிருந்து நிலக்காற்று வலுவாக வீசி அதைக் கடலோடு நிறுத்திவிடும். நம் முன்னோர் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் அழைத்தனர். மேற்குக் காற்றின் பெயர் என்ன தெரியுமா? கோடை. பருவத்துக்கும் காற்றுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் எதனால் வெயில் கொல்கிறது என்று அறிந்தே வைத்தார்கள் போலும்.

கோடைப் புயலின் விந்தையும் இங்கேதான் இருக்கிறது. புயல் நம் பக்கம் நெருங்கினால் மழை. விலகிப் போனால் நெருப்பு. 2010 மே மாதம் லைலா புயலும், 2016 மே மாதம் ரோவானு புயலும் ஆந்திரத்துக்கும் வங்காள தேசத்துக்கும் போகும் வழியில் சென்னைக்கு மழை தந்தன. 2003 மே மாதத்தில் உருவான புயலோ இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியில் பெருவெள்ளத்தை உண்டாக்கிவிட்டு மியான்மர் பக்கம் சென்றது. போகும்போது ஈரத்தையும் இழுத்துச் சென்றது. நமக்கு மிஞ்சியது மேற்குக் காற்று. அந்த மாத இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 பாகை வெப்பம் பதிவாயிற்று. ஆந்திரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வெயிலால் மாண்டனர். 2019-இல் ஃபானி புயல் தமிழகத்தை நோக்கி வரும் என்று ஊரே எதிர்பார்த்தது. அது வளைந்து மே 3-ஆம் நாள் ஒடிசாவின் பூரி அருகே கரை ஏறியது. ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசை வைத்த அந்தக் கோடையை எங்கள் வீட்டில் இன்னும் பேசுகிறார்கள். புயல் போய்விட்டது, இனி அஞ்ச வேண்டாம் என்று கூண்டை இறக்கும் அந்த நாளில்தான் வெயிலுக்கு ஒரு கூண்டு ஏற்ற வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

கோடையில் வெள்ளம் வராது என்ற நம்பிக்கையும் நம்மிடையே இருக்கிறது. சென்னையின் ஆண்டு மழை 140 செ.மீ. அளவு. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மழையாயினும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. அது நாளெல்லாம் தூறும் மழை அன்று. பகலில் காய்ந்து, மாலையில் மேற்கே கறுத்து, இரவில் இடியோடு கொட்டும் மழை. 1996 ஜூன் நடுவில் அப்படித்தான் நகரம் மூழ்கியது. 2023 ஜூன் 18-ஆம் நாள் இரவிலும் அப்படியே. மீனம்பாக்கத்தில் ஏறத்தாழ 16 செ.மீ. பதிவாயிற்று. 2025 ஆகஸ்டு 30-ஆம் நாள் இரவு மணலியில் மட்டும் ஏறத்தாழ 27 செ.மீ. கொட்டித் தீர்த்தது. மேகவெடிப்பு என்று வானிலைத் துறையினர் கூறினர். அதே இரவில் நகரத்தின் தென்பகுதியில் பலர் நிம்மதியாக உறங்கினார்கள்.

'ஓரிரு இடங்களில் மழை பெய்யும்' என்று வானொலி சொன்னால் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறோம். ஓரிரு இடங்கள் என்பது மழையின் அளவைக் குறிப்பதன்று. மாவட்டத்தின் மழைமானிகளில் நான்கில் ஒரு பங்கு வரை மழை காணும் என்பதே அதன் பொருள். சில இடங்கள் என்றால் பாதி வரை. பல இடங்கள் என்றால் முக்கால் வரை. கனமழை என்பது 7 செ.மீ.-இலிருந்து தொடங்குகிறது, மிகக் கனமழை 12-இலிருந்து, அதிகனமழை 20-க்கு மேல். அந்த ஓரிரு இடங்களுள் ஒன்று மணலியாக இருந்தால் மணலிக்கு அது முழு வெள்ளமே. இந்தச் சொற்களை ஏழாம் வகுப்பிலேயே கற்றுத் தரலாம் என்பது எங்கள் எண்ணம். பின்னங்கள் பாடத்தோடு சேர்த்தே நடத்திவிடலாம்.

பெய்த நீர் எங்கே போகும்? கொடுங்கையூர்க் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் என்று ஓடி எண்ணூர் முகத்துவாரத்தை அடைய வேண்டும். மேற்கே பூண்டி நீர்த்தேக்கத்தைத் திறந்தாலும் கொசஸ்தலையாற்று வெள்ளம் அதே வாசலுக்குத்தான் வருகிறது. அந்த வாசலோ மணல் மேடிட்டுக் கிடக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆண்டாண்டாக ஆற்றில் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. முகத்துவாரத்தில் மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் அந்த எண்ணெயை அள்ளினார்கள். படகும் வலையும் கறுத்தன. எர்ணாவூர்ப் பக்கத்துச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்தை எண்ணெயே கோடு போட்டுக் காட்டியது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு நம் பகுதியில் புதிய மழைநீர் வடிகால்கள் கட்டப்பட்டிருக்கின்றன, நன்றி. ஆனால் வடகிழக்குப் பருவமழையை மனத்தில் கொண்டு புரட்டாசியில் மும்முரமாகத் தூர் வாருவதே வழக்கம். ஜூன் மாத இடிமழை அதற்காகக் காத்திருப்பதில்லை. சித்திரையிலும் ஒரு முறை தூர் வாரட்டும்.

இனி எங்கள் முக்கியமான வழக்குக்கு வருகிறோம். 2023-ஆம் ஆண்டு, நாங்கள் எட்டாம் வகுப்பில் நுழைய வேண்டிய ஆண்டு. ஜூன் முதல் நாள் திறக்க வேண்டிய பள்ளிகள் வெயிலின் கொடுமையால் முதலில் 7-ஆம் நாளுக்கும், பிறகு 12-ஆம் நாளுக்கும் தள்ளி வைக்கப்பட்டன. ஒரு வழியாகத் திறந்தார்கள். புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் 19-ஆம் நாள் மழைக்காக விடுமுறை! ஒரே மாதத்தில் வெயிலுக்கும் பூட்டு, மழைக்கும் பூட்டு. 2024-லும் வெயிலுக்காகத் திறப்பு ஜூன் 10-ஆம் நாளுக்குத் தள்ளியது. விடுமுறை என்றால் எங்களுக்குக் கசக்குமா என்று கேட்பீர்கள். கசக்கவில்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த விடுமுறையில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் பள்ளிக் கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். கனத்த சுவர், உயர்ந்த கூரை, நீண்ட தாழ்வாரம், கிணற்றடியில் வேப்ப மரம். நண்பகலில் தாழ்வாரத்துத் தரையில் வெறுங்காலோடு நிற்கலாம். வெயில் கொடுமை என்று இந்த இடத்தைப் பூட்டி, எங்களை ஷீட் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்பா துறைமுகத்தில் அல்லது லாரியில். அம்மா ஏற்றுமதி இறால் உரிக்கும் கூடத்தில் அல்லது மீன் கூடையோடு தெருவில். தம்பி தங்கையோடு வீட்டில் இருப்பது நாங்கள்தாம். மின்சாரம் போனால் விசிறி மட்டையும் நாங்கள்தாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை வேறு. அந்த நாள்களில் கடலுக்குப் போகிறவர்கள் வீடுகளில் கையில் காசும் குறைவு. ஐஸ் வாங்குவதும் விசிறி வாங்குவதும் எளிதன்று.

புயல் வந்தால் என்ன செய்கிறார்கள்? பள்ளியைத் திறக்கிறார்கள்! குப்பத்து மக்களை அழைத்து வந்து வகுப்பறைகளில் தங்க வைத்து, பாய் கொடுத்து, சாம்பார் சாதம் கொடுக்கிறார்கள். அருட்சகோதரிகள் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். கெட்டியான கட்டடம் உயிரைக் காக்கும் என்று புயலன்று எல்லாருக்கும் தெரிகிறது. வெயிலன்று மட்டும் அது மறந்துபோவது ஏன்? 2024 அக்டோபரில் தமிழக அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 இலட்ச ரூபாய் உதவி என்று ஆணையிட்டது. பேரிடர் என்ற பெயர் வந்துவிட்டது. பேரிடருக்குரிய தங்குமிடம் வரவில்லை. இறந்த பின் தரும் உதவியைவிட, இறவாமல் உட்கார ஒரு தாழ்வாரம் மலிவானது.

பிற ஊர்களில் செய்யாததை நாங்கள் கேட்கவில்லை. சென்னை 45 பாகை கண்ட அதே 2003-இல், ஆகஸ்டு மாதம் பிரான்சு நாட்டில் ஏறத்தாழ 15,000 பேர் வெயிலால் இறந்தார்கள். அவர்களில் பலர் முதியவர்கள். அடுத்த ஆண்டே அந்நாடு வெயிலுக்கு எச்சரிக்கை முறை வகுத்தது; தனியே வாழும் முதியோரின் பெயர்ப் பட்டியலை நகராட்சிகள் வைத்துக்கொள்கின்றன. நம் நாட்டில் அகமதாபாத் நகரம் 2010-ஆம் ஆண்டுக் கடும் வெயிலுக்குப் பின் 2013-இல் வெயில் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நிற எச்சரிக்கை, குடிநீர், மருத்துவமனைகளுக்கு முன்னறிவிப்பு எல்லாம் அதில் உண்டு. நமக்கோ இந்தியாவின் முதல் டாப்ளர் ரேடார்களில் ஒன்று சென்னைத் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் 2002 முதல் சுழல்கிறது. வானத்தைப் பார்க்கும் கண் நம் வாசலிலேயே இருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். பள்ளி வாயிலில், பெற்றோர் கண்ணில் படும் உயரத்தில், ஒரு தகரப் பலகை. காலையில் வானிலை அறிக்கையைக் கேட்டு, வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, மஞ்சளோ ஆரஞ்சோ சிவப்போ மாட்டுவது. மஞ்சளன்று காலை வணக்கக் கூட்டம் தாழ்வாரத்தில். உடற்பயிற்சி வகுப்பு முதல் மணிக்கு மாறும். ஆரஞ்சன்று காலணியும் கழுத்துப் பட்டையும் கட்டாயமில்லை (இதைப் படிக்கும்போது சிலர் புன்னகை செய்வார்கள், கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு மே மாதம் 29சி பேருந்தில் நின்று பார்த்துவிட்டுப் புன்னகை செய்யலாம்). சிவப்பன்றும், கோடை விடுமுறை நீளும் நாள்களிலும், பாடம் வேண்டாம், மணி வேண்டாம். பெரிய கூடத்தை மட்டும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை திறந்து வைக்க வேண்டும். எங்களுக்கு மட்டுமன்று. தெருக்கோடிப் பாட்டிக்கும், கூடையை இறக்கி வைக்க இடம் தேடும் மீன்கார அம்மாவுக்கும்.

யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பெண் பிள்ளைகள் இருக்கும் இடம். கதவைத் திறந்து போட்டுவிட முடியாது. ஆண்களுக்குப் பக்கத்துக் கோயில் மண்டபத்திலோ ஆலயத் திருமண மண்டபத்திலோ இடம் பார்க்கலாம். அருட்சகோதரிகளும் ஆண்டு முழுதும் உழைத்துவிட்டு மே மாதத்தில்தான் தியானத்துக்கும் தம் ஊருக்கும் செல்கிறார்கள். அவர்கள் தோளில் இதையும் ஏற்றுவது முறையன்று. பதினோராம் வகுப்பு அக்காமார் முறை வைத்துக்கொண்டு உதவச் சம்மதித்திருக்கிறார்கள். பழைய மாணவியர் சிலர் பிற்பகலில் வந்து சிறுவர்க்குக் கதை படிக்கிறேன் என்கிறார்கள். மண்பானைகள் நான்கை எங்கள் வகுப்பே வாங்கித் தரும். உப்பு, சர்க்கரை கலந்த நீர் எப்படிக் கரைப்பது என்று சாரணியர் படை பழகியிருக்கிறது. மயங்கி விழுந்தவரை நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, நீரால் நனைத்து விசிறி, உணர்வு இல்லாதபோது வாயில் நீர் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அறிவோம்.

பலகைக்குச் சாயமும் தூரிகையும் ஓவிய ஆசிரியையின் அலமாரியிலேயே இருக்கின்றன. கூடத்தின் சாவி மே மாதத்தில் யாரிடம் இருப்பது என்பதை மட்டும் மதர் அவர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும் விடுமுறைக்கு முன் கூடிப் பேசி முடிவு செய்து தர வேண்டுகிறோம்.